யார் பேரில் கம்பெனி

அத்தியாயம் 17

நந்தினிதான் கம்பெனிப் பெண்களை வீட்டுக்கு அழைத்தாள். திங்கட்கிழமை நடந்தது எல்லாம் அதிலிருந்து கிளம்பியது என்பதால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய கணவனின் அண்ணன் துளசிராமனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. நந்தினிக்கு அங்கே ஆபீஸ் வேலை. அச்சிலிருந்து சூடாக விழும் பாட்டில் மூடிகளின் பிசிறைப் பிளேடால் சீவிப் பையில் கட்டுவது பெண்களின் வேலை. அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். அதற்கும் பூட்டு. சாவி துளசிராமனின் மேஜை டிராயரில். போக வேண்டும் என்றால் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "இப்பத்தான போன?" என்று ஏற இறங்கப் பார்ப்பார்.

போன வெள்ளிக்கிழமை சுமலதா போய்க் கேட்டாள். ஆறு மாதக் கர்ப்பிணி. துளசிராமன் போனில் பேசிக்கொண்டே, அப்புறம் வா என்று கையை ஆட்டினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டூலுக்கு அடியில் தரை நனைந்தது. வெளியே வந்த துளசிராமன் மூக்கைப் பொத்திக்கொண்டார். துணியும் வாளியும் கொண்டுவந்து அவளையே துடைக்கச் சொன்னார். மிஷின் பக்கம் ஆண்களில் யாரோ சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுமலதா குனிந்து துடைத்தாள்.

அன்று சாயங்காலம் நந்தினி, பேக்கிங் பிரிவில் இருக்கும் மெர்சியைத் தனியாக அழைத்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து பேசுங்க. அவருக்கு இதெல்லாம் அத்துப்படி," என்றாள்.

ஜெகனுக்கு அத்துப்படிதான். அதே தொழிற்பேட்டையில் இருக்கும் பெரிய இரும்புக்குழாய் ஆலையில் அவன் தொழிற்சங்கச் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி இன்னும் நான்கு பெண்களோடு வந்தாள். ஜெகன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். டீயை அவனே கொண்டுவந்து கொடுத்தான். சமையலறையில் டம்ளர் அடுக்கியிருக்க, சங்கக் கூட்டத்தில் மிஞ்சிய பேப்பர் கப்பை எதற்குத் தேடி எடுக்கிறான் என்று நந்தினிக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு மறந்துவிட்டாள். சங்கத்தில் சேர யார் யார் தயார் என்று அவன் கேட்டான். மெர்சி ஒவ்வொரு பேராகச் சொன்னாள்.

"சுமலதாவும் வரேன்னுச்சிண்ணா. புருஷங்காரன் ஊட்ல கீறான். அதான் இன்னிக்கி வர்ல."

"கவலைய உடுங்க. நான் பாத்துக்கறேன்," என்றான் ஜெகன்.

அன்று நந்தினி நிம்மதியாகத் தூங்கினாள்.

*

திங்கட்கிழமை காலை மகள் இளமதியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கவரைப்பேட்டையில் ரயில் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தாள் நந்தினி. கம்பெனி கேட் மூடியிருந்தது. மெர்சியும் மற்றவர்களும் சாப்பாட்டுப் பையோடு வெளியே நின்றார்கள்.

வாட்ச்மேன் கலியன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னிய ஒண்ணும் கேக்காதீங்க சின்னம்மா. ஓனரு சொல்ட்டாரு. இவங்க ஆறு பேரும் உள்ள வரக்கூடாதுன்னு பேரு பேரா சொன்னாரு."

மெர்சி அருகில் வந்தாள். "நேத்து உங்க ஊட்டாண்ட வந்தத எவனோ பாத்துகினு போய் ஓதிட்டான்க்கா. வேற இன்னா? அண்ணாவுக்கு ஒரு போன் போடுங்க. அவரு வந்தா தான் சரிப்படும்."

அப்படித்தான் இருக்கும் என்று நந்தினியும் நினைத்தாள். கைப்பைக்குள் போனைத் தேடினாள். அப்போதுதான் காம்பவுண்டுச் சுவரின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுமலதா அவள் கண்ணில் பட்டாள்.

நேற்று வந்தவர்களை வழியில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். வராதவளை யார் பார்த்தார்கள்?

சுமலதாவின் பேர் அந்தக் கூடத்தில்தான் சொல்லப்பட்டது. அங்கே இருந்தது இந்த ஐந்து பெண்கள், நந்தினி, ஜெகன். ஐந்து பெண்களும் இதோ வெளியில் நிற்கிறார்கள்.

போனை எடுக்காமலே நந்தினி உள்ளே போனாள்.

துளசிராமன் மேஜை மேல் பேப்பரை விரித்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடகறியில் தோய்ந்த இட்லி.

"வாம்மா. சாப்ட்டியா?"

"மாமா, வெளிய ஆறு பேரு நிக்கறாங்க."

"நிக்கட்டும். வெயில் ஏறுனா தன்னால போய்டுவாங்க."

"ஏன் நிறுத்துனீங்க?"

"நான் எங்கம்மா நிறுத்தனேன்?" அவர் விரலை நக்கிக்கொண்டார். "அவங்க என் ஆளுங்களே இல்லியே. கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஷினு. இது ஸ்ரீதுளசி பிளாஸ்டிக்ஸ். அந்தப் பக்கம் பேக்கிங்கு. அது நந்தினி பேக்கர்ஸ். ஓனரு நீ."

ஷெட்டின் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. பாதுகாப்புக்காகப் போட்டது என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜெகன் சில காகிதங்களைக் கொண்டுவந்து, "அண்ணன் உன் பேர்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கறாரு," என்று கையெழுத்து வாங்கினான். அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் கேசரி கிளறினாள். பிறகு கேட்டில் அவள் பேரில் ஒரு சின்ன போர்டு தொங்கியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"எதுக்கு ரெண்டுன்னு நெனச்ச?" துளசிராமன் பொறுமையாக விளக்கினார். "ஒண்ணா இருந்தா ஆளுங்க கணக்கு ஏறும். ஏறிச்சின்னா பி.எஃப்., இன்ஸ்பெக்டருன்னு ஒரே பேஜாரு. பிரிச்சிட்டா ரெண்டும் சின்னது. சின்னதுக்கு சட்டம் அவ்ளோவா ஒட்டாது. எல்லாம் உன் ஊட்டுக்காரன் மூள. சங்கம் நடத்தறவன் இல்ல? எந்தச் சந்துல பூந்து போலாம்னு அவனுக்குத் தான் தெரியும்."

"நேத்து அவரு போன் பண்ணாரா?"

"தம்பி அண்ணனுக்குப் போன் பண்றது ஒரு விஷயமா?" அவர் சிரித்தார். "இதப் பாரும்மா. சங்கமெல்லாம் பெரிய கம்பெனிக்கு. நம்பளுது குடும்பம் மாரி. மெர்சியோட அப்பன் எங்க நைனா கழனில நாத்து நட்டவன். அவ கல்யாணத்துக்கு நான் அண்டா வாங்கிக் குடுத்தேன். குடும்பத்துல யாருனா சங்கம் வெப்பாங்களா?"

"குடும்பத்துல கக்கூஸுக்குப் பூட்டு போடுவாங்களா மாமா?"

"பூட்டு இல்லன்னா உள்ள போய் போன நோண்டிகினு ஒக்காந்துக்கறாங்க. டேங்கர் தண்ணி என்னா விலைன்னு உனக்குத் தெரியாதா?" மிச்சமிருந்த இட்லியை வடகறியில் அழுத்திப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருடங்களாக நந்தினி இந்த மனிதருக்குத் தன் கையால் பரிமாறியிருக்கிறாள்.

*

மதியம் இரும்புக்குழாய் ஆலையின் வாசலில் வாயிற்கூட்டம் நடந்தது. வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட இருவரைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சங்கம் நடத்தும் கூட்டம். நீலச் சட்டைக்காரர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். லாரிகள் ஒதுங்கிப் போயின. ஜெகன் மைக்கைப் பிடித்திருந்தான்.

நந்தினி டீக்கடைப் பந்தலில் ஒதுங்கி நின்று கேட்டாள்.

"எங்க ஆளு ரெண்டு பேரு வெளிய நின்னா, உள்ள ஒரு மிஷினு ஓடாது," என்றான் ஜெகன். "ஆட்டுக்குட்டிய பிரிக்கற மாரி எங்கள ஒவ்வொருத்தரா பிரிக்கலாம்னு நிர்வாகம் பாக்குது. உள்ள இருந்துகினே ஆளுங்கள காட்டிக் குடுக்கறவன் எவனா இருந்தாலும் அவன் மனுசனே இல்ல."

கைதட்டல் எழுந்தது. அவனுக்கு நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். இப்போது அதே குரல் காதுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஜெகன் அவளைப் பார்த்துவிட்டு வந்தான். கடைக்காரரிடம் கைநீட்டி ஒரு போண்டாவை வாங்கிக்கொண்டான்.

"இன்னா நந்து, இங்க வந்துகிற? பாப்பாவுக்கு எதுனாவா?"

"ஆறு பேர வெளிய நிறுத்திட்டாங்க."

அவன் போண்டாவைக் கடித்தான். "கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டீங்களா, நீங்களே சொன்னீங்களா?"

அவன் மென்றுகொண்டே யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

"கத்தாத. உனக்கு இது புரியாது. இங்க நானூறு பேரு. கம்பெனி தாங்கும். அண்ணனுது தாங்காது. ஆர்டர் குடுக்கற பெரிய கம்பெனிக்காரன் வருசா வருசம் ரேட்ட கொறைக்கறான். சங்கம் வந்தா அண்ணன் ஷெட்ட மூடிட்டுப் போய்டுவாரு. அப்பறம் அந்தப் பொம்பளைங்களுக்கு இருக்கற வேலயும் போய்டும். நான் அவங்களுக்கு நல்லது தான் பண்ணிக்கிறேன்."

"ரேட்டு கொறஞ்சதுக்கும் கக்கூஸு சாவிக்கும் இன்னா சம்மந்தம்?"

"அது அண்ணன் சுபாவம். நான் சொல்றேன் அவருகிட்ட."

"சுமலதா பேர எதுக்குச் சொன்னீங்க? அது நம்ப வீட்டுக்கு வரவே இல்லியே. புள்ளத்தாச்சிங்க அது."

"எல்லா பேரயும் சொன்னா தான் அண்ணன் நம்புவாரு. ஒண்ண உட்டுட்டு சொன்னா, பின்னாடி தெரிய வர்றப்போ என்னியே சந்தேகப்படுவாரு."

அவன் போண்டாவைத் தின்று முடித்தான்.

"ஒரு ரெண்டு மாசம் போவட்டும். நானே பேசி ரெண்டு பேர உள்ள எடுக்கச் சொல்றேன். மெர்சி மட்டும் வேணாம், அது வாய் ஜாஸ்தி." அவன் சட்டைப்பையிலிருந்து கூட்டத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்தான். விரல் எண்ணெயை அதில் துடைத்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். "நீ வீட்டுக்குப் போ. வெயில்ல சுத்தாத."

நந்தினி அந்த விரல்களைப் பார்த்தாள். நேற்று வீட்டு டம்ளரை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண்களுக்குப் பேப்பர் கப்பில் டீ நீட்டியவை அதே விரல்கள்தான். அவர்களைக் காட்டிக் கொடுப்பது என்று அப்போதே அவன் மனசுக்குள் முடிவு பண்ணியிருந்திருப்பான் என்று இப்போது விளங்கியது. அவள் திரும்பி நடந்தாள்.

*

ஆறு பேரும் இன்னும் கேட்டைவிட்டுப் போகவில்லை. சுவர் நிழல் சுருங்கிப்போய், கால்களை மடக்கி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பை எதையும் யாரும் பிரித்த மாதிரி தெரியவில்லை.

மெர்சி எழுந்தாள். "அண்ணா வராராக்கா?"

சொல்வதற்கு நல்ல விதம் ஏதாவது இருக்கிறதா என்று வழி முழுக்க நந்தினி தேடிப் பார்த்திருந்தாள். கிடைக்கவில்லை.

"அவரு தான் சொல்லிட்டாரு மெர்சி. உங்க பேர எல்லாம் அவரு தான் மாமாகிட்ட சொன்னது."

மெர்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க தானக்கா வாங்கன்னு கூப்ட்டீங்க," என்றாள் மெர்சி. குரலை உயர்த்தவில்லை. "நாங்க எங்கனா வேற சங்கத்தாண்ட போலாம்னு தான் இருந்தோம். நீங்க தான் இட்டுகினு போனீங்க."

"ஆமா."

"இப்ப எங்கள இன்னா பண்ணச் சொல்றீங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் நந்தினி வாயெடுத்தாள். அதை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள் என்று தோன்றவும், கலியனின் பக்கம் திரும்பினாள்.

"கலியண்ணா, இவங்க எந்தக் கம்பெனி ஆளுங்க?"

"பேக்கிங்கும்மா."

"பேக்கிங்கு யார் பேர்ல இருக்கு?"

கலியன் தலையைச் சொறிந்தார். கேட்டில் தொங்கும் சின்ன போர்டை ஓரக்கண்ணால் பார்த்தார். "உங்க பேர்ல தான் கீது."

"அப்ப தெறங்க."

"ஓனரு என் சீட்டக் கிழிச்சிடுவாரு சின்னம்மா."

"யாரு தெறக்கச் சொன்னதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

கலியன் இரண்டு தரம் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் தள்ளினார். அதன் வழியே ஆறு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மெர்சி உட்கார்ந்து பிளேடைக் கையில் எடுத்தாள்.

சுமலதா மட்டும் உட்காரவில்லை. நந்தினியின் காதருகே வந்து, "அக்கா, காத்தாலேர்ந்து போவல. ரோட்டுல எங்க போறது? முடியலக்கா," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

நந்தினி ஆபீஸுக்குள் போய்த் துளசிராமனிடம் கையை நீட்டினாள். "சாவி குடுங்க மாமா."

அவர் ஆபீஸ் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை. டிராயரைத் தள்ளி மூடினார்.

"உன் கம்பெனிக்குள்ள யார வேணா ஒக்கார வெச்சிக்க. கக்கூஸு கோட்டுக்கு இந்தப் பக்கம். அது என்னுது." இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடித்துப்போனவர் போல வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் நந்தினியை உசுப்பியது. இல்லாவிட்டால் அவள் கொஞ்சம் கெஞ்சிப் பார்த்திருப்பாள்.

பேக்கிங் பக்கம் ரிப்பேர் மேஜையில் ஒரு சுத்தியல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கக்கூஸுக்குப் போனாள். முதல் அடி தகரக் கதவில் பட்டு ஷெட் முழுக்க அதிர்ந்தது. இரண்டாவதும் பூட்டில் படவில்லை. அவளுக்குச் சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை. மூன்றாவதில் நாதாங்கி பெயர்ந்து பூட்டோடு கீழே விழுந்தது. சுமலதா அவளைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினாள்.

"இன்னா காரியம் பண்ற நீ?" துளசிராமன் எழுந்து வந்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. போனைக் காதில் வைத்திருந்தார். "ஜெகா, ஒடனே இங்க வா. உன் பொண்டாட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சி. நீ வரலன்னா நான் போலீஸக் கூப்புட்றேன்."

இரும்புக்குழாய் ஆலை அப்படியொன்றும் தூரமில்லை. சிறிது நேரத்தில் ஜெகனின் பைக் சத்தம் கேட்டது. நெற்றியில் வேர்வை. சட்டைப்பையில் சங்கத்தின் கொடி பேட்ஜ் குத்தியபடியே இருந்தது.

"இன்னா நந்து இது? வீட்டுக்கு வா. எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்."

"இவள அப்பறம் பாத்துக்க," என்றார் துளசிராமன். "மொதல்ல இந்த ஆறு பேரயும் எழுந்து போகச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அப்போது முதல் மிஷினில் நின்றிருந்த ராபின் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தான். ராபின் பேக்கிங் ஆள் இல்லை. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆள், துளசிராமனின் ஆள். வெள்ளிக்கிழமை சிரித்தவர்களில் அவனும் ஒருவனா என்பது நந்தினிக்குத் தெரியாது. அணைத்துவிட்டு அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கையுறையைக் கழற்றி மிஷின் மேல் வைத்தான். அடுத்த மிஷினும் நின்றது. அதற்கடுத்ததும். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

மிஷின்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோரையும்விட ஜெகனுக்கு நன்றாகத் தெரியும். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

வாயைத் திறப்பதற்கு முன் அவன் யாரைப் பார்க்கிறான் என்பதை நந்தினி கவனித்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையசைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்கம்மா," என்றான் ஜெகன். மதியம் மைக்கில் பேசிய அதே குரல். "ஒரு பேச்சுவார்த்தை நடத்திக்கலாம். நான் உங்களுக்காகத் தான் வந்துகிறேன்."

ஒருவரும் எழவில்லை.

நந்தினிக்கு அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. கெட்டுப்போன சோற்றில் கை பட்டுவிட்டது போல, அந்தக் கையைத் தன் மேலேயே படாமல் எங்கே வைப்பது என்று தெரியாதது போல இருந்தது. சுத்தியலை ரிப்பேர் மேஜையில் வைத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனாள். மெர்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மெர்சி," என்றாள் மெதுவாக. "இன்னிக்கி நான் அந்த வீட்டுக்குப் போகல. எனக்கும் இளமதிக்கும் உங்க வீட்ல எடம் இருக்குமா?"

மெர்சி கையிலிருந்த மூடியின் பிசிறைச் சீவி முடித்தாள். அதைக் கூடையில் போட்டாள். அடுத்த மூடியை எடுக்காமல் நந்தினியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இரக்கமும் இருந்ததா என்று நந்தினியால் சொல்ல முடியவில்லை.

வெளியே கேட்டில் இன்னொரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போலீஸோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி மட்டும் நந்தினியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.